தேயிலைத் தோட்டத்தில் வருமானத் திட்டம் தொடங்குவது எப்படி: புதிதாக வேலைக்கு வந்த அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு

நுவரெலியாவிலோ பதுளையிலோ ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக நியமனம் கிடைத்திருக்கிறது, அல்லது ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்திருக்கிறீர்கள். முதல் வாரத்திலேயே மேலதிகாரி கூப்பிட்டு, "அந்தத் தோட்டத்துப் பெண்களுக்கு ஏதாவது சுயதொழில் பயிற்சி ஒழுங்கு பண்ணுங்க" என்பார். சரி என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள், ஆனால் பயிற்சியை இப்போதைக்கு ஒழுங்கு பண்ணாதீர்கள். தையல் பயிற்சிச் சான்றிதழ் சுவரில் தொங்க, மெஷின் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் லயத்துக் காம்பராக்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டு அறைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. வாங்க ஆள் இருக்கிறதா என்று பார்க்காமலே கற்றுக்கொடுத்ததன் விளைவு அது. பயிற்சி வரிசையில் கடைசியாக வர வேண்டிய விஷயம்.

முதலில் காசு எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலான தோட்டங்களில் பத்தாம் திகதியை ஒட்டிச் சம்பளம். அந்த வாரத்தில் போய்த் தோட்டத்துக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டே கடைக்காரரிடம் கேளுங்கள்: முட்டை எங்கிருந்து வருகிறது, பான் எங்கிருந்து, மிளகாய்த்தூள் எங்கிருந்து, பிள்ளைகளின் பாடசாலை உடுப்பை யார் தைக்கிறார்கள்? கேள்விக்கொத்தை நீட்டினால் ஆட்கள் எச்சரிக்கையாகிவிடுவார்கள், அதனால் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டு வெளியே வந்து எழுதிக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குக் கூட்டம் போடவும் வேண்டாம். கொழுந்து பறிக்கிறவர்கள் அந்த நேரம் மலையில் நிற்பார்கள், கூட்டத்துக்கு வருவது ஓய்வுபெற்றவர்களும் தலைவர்மாரும்தான். ஞாயிற்றுக்கிழமை பரவாயில்லை.

இனி கணக்கு. தோட்டத்தின் ஒரு பிரிவில், அதாவது டிவிசனில், 200 குடும்பம், வீட்டுக்கு வாரம் 8 முட்டை என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 1,600, நாளுக்குச் சுமார் 230. நூறு கோழிக்கு எண்பது முட்டை என்று பார்த்தால் 290 கோழி வேண்டும், அதாவது ஐந்து வீடு ஆளுக்கு அறுபது கோழி வளர்த்தால் போதும். இதைப் பார்த்ததும் ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு கோழி நாளுக்கு 110 கிராம் அளவுக்குத் தீவனம் தின்னும், மொத்தம் 32 கிலோவுக்குக் கிட்ட, அவ்வளவும் லொறியில் வெளியே இருந்துதான் வரும். முட்டை விற்ற காசில் பெரும்பகுதி அதே லொறியில் திரும்பிப் போய்விடும். அதனால் எவ்வளவுக்கு விற்கிறது என்பதோடு நிறுத்தாமல், விற்றதில் எவ்வளவு தோட்டத்திலேயே தங்குகிறது என்று கேளுங்கள். பாடசாலைச் சீருடைத் துணியை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது, தையல் கூலி மட்டும்தான் செலவு, அந்தக் கூலி டவுனுக்குப் போகாமல் தோட்டத்துப் பெண்ணின் கையில் விழுந்தால் கிட்டத்தட்ட முழுதாக நிற்கும். ஆனால் அந்த வேலை துணி கிடைக்கிற காலத்தில் மட்டும்தான் குவியும், மற்ற மாதங்களுக்கு என்ன வழி என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பாலை எடுத்துக்கொள்ளுங்கள். லயத்துக்குப் பின்னால் மாட்டுக்கொட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய, வாங்கவும் கம்பனிகள் உண்டு. இங்கே பயிற்சி கொடுக்க அவசரப்படுகிறவர்கள் கவனிக்காத விஷயம் மூன்று. பாலின் விலை லீற்றரை மட்டும் வைத்து வருவதில்லை, கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மத்தையும் அளந்துதான் போடுகிறார்கள். அந்த அளவீட்டு முறை மாடு வளர்ப்பவருக்குத் தெரியாவிட்டால் ஒவ்வொரு மாதமும் "ஏன் குறைஞ்சுது" என்ற சந்தேகத்திலேயே ஓடும். அடுத்தது, சேகரிக்கும் வண்டி காலையில் ஒருமுறை மட்டும் வந்தால் மாலைப் பால் என்ன ஆகிறது? குளிரூட்டும் வசதி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? மூன்றாவது புல். நல்ல மாடு கொடுத்துவிட்டு, ரோட்டோரப் புல்லை அறுத்துப் போடு என்றால் பால் கூடப்போவதில்லை. சிஓ-3 போன்ற தீவனப் புல் நட ஒரு துண்டு நிலம் வேண்டும். இங்கேதான் மலையகத்தின் பெரிய சிக்கல் வருகிறது.

நிலம். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது, ஆனாலும் நிலம் அரசுடையது, கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. லயத்தில் நான்கு தலைமுறையாக இருப்பவருக்கும் அந்தக் காம்பராவுக்கு உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், கிடையாது. புதிய வீட்டுத்திட்டங்களில் 7 பேர்ச் நிலம் கிடைத்தவர்களிடமும் உறுதி கைக்கு வந்துவிட்டதா என்று கேட்டுத்தான் பார்க்க வேண்டும். உறுதி இல்லையென்றால் வங்கியில் பிணை வைக்க முடியாது, வியாபாரப் பெயர் பதிவுக்கு இடத்தின் பத்திரம் கேட்கும்போது சிக்கும், கொட்டில் போடவும் தோட்ட முகாமையாளரான துரையின் அனுமதி வேண்டும். ஆகவே எந்தத் திட்டத்தையும் எழுதும் முன் துரையைப் போய்ப் பாருங்கள், தனியாகப் போகாமல் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேரோடு. எந்த இடம், எத்தனை வருடம், என்ன வேலைக்கு என்று கடிதத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம். துரை மாறினால் சொல்லும் மாறும்.

"தோட்டத்துக்குள்ளே நாங்க செலவழிக்க ஏலாது" என்று பிரதேச சபையில் சொன்னால் அதையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவைக் காட்டி நெடுங்காலம் அப்படித்தான் சொல்லி வந்தார்கள். 2018இல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. திருத்தத்தின் பிரதி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், சண்டை போடாமல் எடுத்துக் காட்டலாம்.

அடுத்தது வாங்குபவர். மிளகாய்த்தூள் அரைத்துப் பொதி செய்வது என்று முடிவானால், இயந்திரம் வாங்குவதற்கு முன் ஒரு வீட்டில் கொஞ்சமாகச் செய்து, அக்கம்பக்கத்துக் கடைகளில் இருபது பக்கெட் வைத்துவிட்டு வாருங்கள். இரண்டு வாரம் கழித்துப் போய் எத்தனை மிச்சம் என்று எண்ணுங்கள். முதல் தடவை முகத்துக்காக வாங்கியிருப்பார்கள், இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்களா என்பதுதான் செய்தி. கரட், லீக்ஸ் போன்ற மரக்கறி என்றால் தம்புள்ளை, பேலியகொடை மொத்தச் சந்தைகளுக்கு ஏற்றினால் லொறிக்கூலி, கமிஷன், அழுகல் மூன்றும் கழிந்து கையில் என்ன வரும் என்பதைத் தாளில் எழுதிப் பார்க்காமல் யாரையும் பயிரிடச் சொல்லாதீர்கள்.

சுற்றுலாவைப் பற்றி எல்லோரும் பயணிகள் குவியும் எல்ல என்ற ஊரைக் காட்டிப் பேசுவார்கள். கண்டிப் பக்கம் ஹந்தானையில் தொடங்கி 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ ட்ரெயில் நடைபாதை பல தோட்டங்களுக்குள்ளால் போகிறது. உங்கள் தோட்டம் அந்த வழியில் இருந்தால் தங்குமிடம் என்று தொடங்க வேண்டாம், அதற்குப் பதிவு, பத்திரம், கழிப்பறை என்று நீளும். நடந்து வருகிறவருக்குத் தேநீர், ரொட்டி, சம்பல், வழிகாட்டும் ஒரு இளைஞர், இதுவே போதும்.

பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிராம உத்தியோகத்தரின் சான்று, பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவு, பிரதேச சபையில் வியாபார உரிமம், உணவு என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் (பி.எச்.ஐ.) பரிசோதனை. லேபலில் நிறை, சேர்மானம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தயாரித்தவரின் பெயர், விலாசம் எல்லாம் இருக்க வேண்டும். படிவம் சிங்களத்தில் மட்டும் கொடுத்தால் தமிழ்ப் படிவம் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் எல்லாம் தெரிந்தவராக இருக்கத் தேவையில்லை, யாரிடம் எது இருக்கிறது என்று தெரிந்தால் சரி. சிறுதொழில் முயற்சி அபிவிருத்தி உத்தியோகத்தர், தொழில்நுட்ப உதவி தரும் விதாதா வள நிலையம், அரச கால்நடை வைத்திய அலுவலகம், சமுர்த்தி வங்கி, திட்டமிடல் பிரிவு என்று ஒவ்வொருவரும் தங்கள் மேசையைத் தாண்டுவதில்லை. அவர்களை ஒரே நாளில் தோட்டத்துக்குக் கூட்டி வருவது உங்கள் வேலையின் பாதி. மறுபக்கம் தோட்டத்திலும் மரண சகாய சங்கம், கோயில் நிர்வாக சபை, பெண்களின் சீட்டு என்று ஏற்கெனவே நம்பிக்கையோடு காசு கையாளும் ஆட்கள் இருக்கிறார்கள். சீட்டுப் பிடிக்கும் அக்காவை விட்டுவிட்டுப் புதுக் குழு அமைப்பது எனக்கு ஒருபோதும் விளங்காத வேலை.

ஒரு பொறியும் உண்டு. வருடம் டிசம்பர் 31உடன் முடிகிறது, ஒதுக்கிய காசு திரும்பிப் போய்விடும் என்று நவம்பரில் அவசரப்படுத்துவார்கள். மழையும் குளிருமான அந்த மாதத்தில் கோழிக்குஞ்சு பகிர்ந்தால், சூட்டுக்கு பல்ப் போட வழியில்லாத வீட்டில் பாதி தங்காது. அந்தக் காசில் கூரைத் தகரமோ கூடோ வாங்கலாம் என்று எழுதிக் கேளுங்கள், குஞ்சைக் காலம் பார்த்து வாங்கலாம்.

உங்களுக்கு எப்படியும் இடமாற்றம் வரும். துரையின் கடிதம், கடைக்காரர்களின் தொலைபேசி இலக்கங்கள், பால் அளவீட்டுத் துண்டுகள், வங்கிப் புத்தகம் எல்லாம் முதல் நாளிலிருந்தே குழுவின் கோப்பில் இருக்கட்டும், உங்கள் டயரியில் வேண்டாம். வாங்குபவரோடு விலை பேசப் போகும்போது ஒவ்வொரு தடவையும் குழுவில் வேறு வேறு ஆட்களைக் கூட்டிப் போங்கள், சில மாதங்களில் அவர்களே தனியாகப் போகட்டும்.