மெழுகுவத்திக்கு எந்த மெழுகு வாங்கலாம்?

இயற்கை மெழுகா, பாரஃபினா என்று குழம்புவதற்கு முன், அதை எதில் ஊற்றப்போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அச்சில் வார்த்துத் தனியாக நிறுத்துவதற்குப் பாரஃபின்தான் சுலபம். பெட்ரோலியச் சுத்திகரிப்பில் கிடைப்பது, விலையும் குறைவு. ஆறும்போது சுருங்குவதால் அச்சிலிருந்து சிரமமில்லாமல் கழன்று வரும். கொஞ்சம் ஸ்டியரிக் அமிலம் (கொழுப்பிலிருந்து எடுக்கும், மெழுகு போன்ற பொருள்) சேர்த்தால் இன்னும் கெட்டியாக நிற்கும்.

கண்ணாடிக் குவளைக்கு என் ஓட்டு சோயா எண்ணெயிலிருந்து செய்யும் மெழுகுக்கே. ஆனால் குவளைக்கென்று விற்கும் சோயா மெழுகு சுமார் 50 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வெயில் 40ஐத் தொடும் ஊரில் அதைத் தனி வத்தியாக நிறுத்தினால் குழைந்து சாய்ந்துவிடும். வாசனை எண்ணெய் கலந்திருந்தால் ஒரு வாரமாவது மூடி வைத்துவிட்டு ஏற்றுங்கள்; அவசரப்பட்டால் மணம் சரியாக எழும்பாது. மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், சோயாவின் குணமே அது.

தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், இலேசான தேன் வாசனையும் உண்டு. விலைதான் கையைக் கடிக்கும். உருகினாலும் கெட்டிப் பதம் என்பதால் திரி சற்றுப் பருமனாக வேண்டும்.

அப்புறம், ‘சோயா கலவை’ என்று போட்டிருந்தால் மீதி என்ன என்று கடையில் கேளுங்கள், பாரஃபினாக இருக்கலாம். பாரஃபின் மட்டும்தான் கரி கக்கும் என்பதும் சரியில்லை. திரி நீண்டிருந்தால் எந்த மெழுகும் புகையும். ஒவ்வொரு முறையும் ஏற்றுவதற்கு முன் திரியை 6 மில்லிமீட்டர் அளவுக்கு நறுக்கிவிடுங்கள்.