பட்டாளத்தில் தண்டனை, வீட்டில் சம்பளம் வரவில்லை: குடும்பம் என்ன செய்யலாம்

போன வருடம் மே மாதம், மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. தேவிபட்டினம் பக்கம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி பாஸ்புக்கோடு வந்து வாசலில் நின்றாள். "மாமா, இந்த மாசம் அவர் சம்பளம் ஆறாயிரத்துச் சொச்சம்தான் ஏறியிருக்கு" என்றாள். மாமனார் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில்தான் கிடக்கும். வீட்டுக்கு வருகிற ஒரே காசு மகனின் பட்டாளத்துச் சம்பளம்.

அவள் கையில் இன்னொரு பொட்டலமும் இருந்தது. அவளுடைய செயின். யாரோ போனில் கூப்பிட்டு, "உன் புருஷனுக்குக் கோர்ட் மார்ஷல், குடும்பத்துக்கும் சேர்த்து அபராதம், நாற்பதாயிரம் அனுப்பினால் விட்டுவிடுவார்கள்" என்று சொல்லியிருக்கிறான். அடகுக் கடைக்குப் போகிற வழியில்தான் என்னைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள்.

நான் 22 வருடம் பட்டாளத்தில் கிளார்க் வேலை பார்த்தவன். தண்டனைத் தாள்களை டைப் அடித்த கை இது. அதனால் முதலில் அவளிடம் சொன்னதையே இங்கேயும் முதலில் சொல்கிறேன்: குடும்பத்துக்கு அபராதம் போட, கோர்ட் மார்ஷல் என்கிற எந்த ராணுவ நீதிமன்றத்துக்கும் அதிகாரம் கிடையாது. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தில் தண்டனைகளை வரிசையாகச் சொல்லும் 71-ஆவது பிரிவில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. மனைவியிடமோ அப்பாவிடமோ யூனிட்டிலிருந்து யாரும் போனில் பணம் கேட்க முடியாது. கேட்டால் அது மோசடி. 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குச் சொல்லுங்கள். (உச்சிப்புளி பருந்து தளம் போன்ற இடங்களில் இருக்கிற கடற்படைக்காரர்களுக்கு 1957-ஆம் ஆண்டுக் கடற்படைச் சட்டம். நான் இங்கே சொல்வதெல்லாம் தரைப்படைக்கு.)

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். திருட்டு, அடிதடி மாதிரி வெளியுலகக் குற்றத்தை ராணுவ நீதிமன்றம் விசாரித்து அபராதம் போட்டால், தீர்ப்பின் நகலை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பி வசூலிக்க வழி இருக்கிறது. அதுவும் குற்றவாளியின் சொத்தில் இருந்துதான். உங்கள் நகை, உங்கள் பெயரில் உள்ள மனை அதில் சேராது. வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்படியானால் சம்பளம் ஏன் குறைந்தது? அங்கேதான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது.

இரண்டு தாள் வேண்டும். ஒன்று அந்த மாதத்துப் பே ஸ்லிப். இன்னொன்று தண்டனையை வெளியிட்ட பார்ட் டூ ஆர்டரின் (ஜவானின் பணி, சம்பள விவரங்களில் வரும் மாற்றத்தை யூனிட் எழுதி வெளியிடும் உத்தரவு) நகல். கணவரிடமே கேளுங்கள், போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவர் காவலில் இருந்தால், அவர் படைப்பிரிவின் பணிப் பதிவேடுகள் இருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்றால் பெங்களூரு. படை எண், பதவி, பெயர், யூனிட் நான்கும் கடிதத்தின் தலையில் இருக்க வேண்டும். படை எண் இல்லாத கடிதம் மேசை மேசையாகச் சுற்றும், நானே பார்த்திருக்கிறேன்.

பே ஸ்லிப்பில் பிடித்தம் என்று ஒரே தொகையாகத் தெரிந்தாலும் அதற்குள் பல வகை இருக்கும். சிப்பாய், ஹவில்தார், ஜே.சி.ஓ. (சுபேதார் மாதிரி இளநிலை அதிகாரி) எல்லோருக்கும் 91-ஆவது பிரிவுதான் கணக்கு. லீவு முடிந்தும் திரும்பாமல் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் சம்பளம் கிடையாது. தண்டனையாகச் சிறையில் இருந்த நாளுக்கும் கிடையாது. விசாரணைக் காவலில் இருந்த நாளுக்கு, பின்னால் குற்றம் உறுதியானால் பிடிப்பார்கள். விடுதலையானால் அந்தக் காரணத்தைச் சொல்லிப் பிடிக்க முடியாது. வழக்கு நடக்கும்போது சம்பளத்தை நிறுத்தி வைக்க 93-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் அது முடிவு வரும் வரைதான். விடுதலை ஆகியும் அந்தப் பணம் வரவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள்.

கோர்ட் மார்ஷலே இல்லாமல் சி.ஓ. (யூனிட்டின் தலைமை அதிகாரி) தன் மேசையில் முடித்து வைக்கும் தண்டனைகள் 80-ஆவது பிரிவில் வருகின்றன. அதில் அபராதம் ஒரு மாதத்துக்கு 14 நாள் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் தெருப் பெண்ணின் கணவருக்கு நடந்தது இதுதான். கோர்ட் மார்ஷல் நடக்கவே இல்லை. அம்மாவுக்கு மதுரையில் ஆபரேஷன். லீவை நீட்டிக்கக் கேட்காமல் தங்கிவிட்டான், அவ்வளவுதான்.

அப்புறம் 94-ஆவது பிரிவு. இதைக் குடும்பங்கள் மனப்பாடமாகவே வைத்திருக்க வேண்டும். அபராதம், நீதிமன்றம் நிறுத்தச் சொன்ன சம்பளம், நஷ்ட ஈடு எல்லாம் சேர்ந்தாலும் ஒரு மாதச் சம்பளம், படிகளில் பாதியைத் தாண்டிப் பிடிக்கக் கூடாது. டிஸ்மிஸ் ஆனவருக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வராத நாளுக்கான வெட்டு இந்தப் பாதிக் கணக்கில் சேராது. ஆறாயிரம் மட்டும் ஏறியதற்கு அதுவே காரணம். 23 நாள் வரவில்லை, அதற்கு மேல் அபராதம்.

ஆனால் பே ஸ்லிப்பில் 25 நாள் வெட்டியிருந்தது. அவன் திரும்பிப் போன ரயில் டிக்கெட்டை அவள் தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். யூனிட் கேட்டில் அவன் கையெழுத்துப் போட்ட தேதி ஒன்று, ஆபீசில் ஏறிய தேதி வேறு. டிக்கெட்டின் நகலை வைத்து, 26-ஆவது பிரிவின்படி அவனே குறை மனு எழுதிக் கொடுத்தான். மூன்று மாதம் கழித்து இரண்டு நாள் சம்பளம் திரும்பி வந்தது. சின்னத் தொகைதான், ஆனால் அந்த வீட்டில் அது பள்ளிக்கூடச் சீருடை ஆனது. அதனால் டிக்கெட், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாள், டாக்டர் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

மகன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான், லீவு முடிந்துவிட்டது என்றால், இன்றைக்கே கிளப்பி விடுங்கள். 30 நாள் தாண்டினால் 106-ஆவது பிரிவின்படி விசாரணை வைத்து, ஓடிப்போனவன் என்று பதிவாகும் நிலை வரும். அதன் பிறகு போலீசும் தேடி வரும். பத்து நாளில் திரும்பினவனுக்கும் நாற்பது நாளில் பிடிபட்டவனுக்கும் தண்டனை ஒன்றாக இருக்காது.

மனைவி தன் பெயரிலேயே எழுதக்கூடிய மனுவும் ஒன்று இருக்கிறது. கணவர் செலவுக்குப் பணம் அனுப்பவில்லை என்றால், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சத் தொகையை அவர் சம்பளத்திலிருந்தே பிடித்துத் தர உத்தரவிட 91-ஆவது பிரிவு வழி செய்கிறது. சி.ஓ.வுக்குக் கல்யாணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ரேஷன் அட்டை நகல் வைத்து எழுதுங்கள். இந்தத் தொகையும் அந்தப் பாதி வரம்புக்குள்தான் வரும். அதனால் அபராதம் ஓடிக்கொண்டிருக்கும் மாதங்களில் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். அதற்காக எழுதாமல் இருக்காதீர்கள்.

உண்மையில் குடும்பத்தை உடைப்பது அபராதம் இல்லை, டிஸ்மிஸ். அது வந்தால் பழைய சர்வீஸ் முழுவதற்கும் பென்ஷன், கிராஜுவிட்டி உரிமை போகும். பாக்கிச் சம்பளத்தையும் சேர்த்துப் பறிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. விசேஷ நிலைமைகளில் பென்ஷன் வழங்கக் குடியரசுத் தலைவருக்கு விதி இடம் தருகிறது. அதற்கு மனு போட வேண்டும், தானாக வராது.

தீர்ப்பை எதிர்க்க 164-ஆவது பிரிவில் மேலதிகாரிக்கு மனு. அதற்கு வழக்கு நடவடிக்கைகளின் நகல் வேண்டும், கேட்டுக் கட்டணம் கட்டினால் தருவார்கள். அடுத்து ஆயுதப்படைத் தீர்ப்பாயம், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது, சென்னையில் கிளை இருக்கிறது. தண்டனை குற்றத்துக்கு மிஞ்சிப் போனால் நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 1987-இல் ரஞ்சித் தாக்கூர் வழக்கில் சொல்லிவிட்டது. சாப்பிட மறுத்ததற்காக ஒரு வருடச் சிறையும் டிஸ்மிஸும் வாங்கிய சிப்பாய் அவர். பணப் பலன்களோடு வேலைக்குத் திரும்பினார்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று நிற்காதீர்கள். பெண்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. இராமநாதபுரத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனைவியோ அம்மாவோ நேரில் போய் மனு கொடுக்கலாம். போன் எண் 15100. அங்கே போகும்போது பே ஸ்லிப், பார்ட் டூ ஆர்டர், தேதி எழுதிய எல்லாத் தாளும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.