கடிதத்துக்குக் காசு கொடுத்தது யார்? பெண்களின் கதையை வரலாற்று நாவலாக எழுதுவோருக்கு

பதிப்பகத்துக்கு வரும் கைப்பிரதிகளைச் செப்பனிடுவது என் பிழைப்பு. வரலாற்று நாவல் என்று வந்தால் யோசிக்காமல் என் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். பாதிக்கு மேல் ஒரே முகவெட்டு: ஒரு பெண், ஒரு காதல், வீட்டில் யாரும் வாய் திறக்காத ஒரு சங்கதி, மூன்று தலைமுறை கழித்து அதைத் தோண்டி எடுக்கும் பேத்தி. அந்த முகவெட்டு எனக்குப் பிடித்தமானதுதான். ஆனால் அந்தச் சங்கதி ஏன் அத்தனை காலம் வெளியே வரவில்லை என்று கேட்டால் எழுதியவர் விழிக்கிறார். "அவளுக்குச் சொல்லத் துணிவு வரவில்லை" என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார். துணிவு வராமல் போவதற்கு வரலாறு எதற்கு? நேற்றைய கதையிலும் அது நடக்குமே. ரகசியத்தின் மேல் தொங்கும் பூட்டு அந்தக் காலத்துப் பூட்டாக இருந்தால்தான் வாசகர் நம்புவார்.

எழுத உட்காருவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, ரகசியத்தை ஒரே வரியில் எழுதுங்கள். அதன் கீழே, அதைப் போட்டு உடைத்திருக்கக்கூடிய எல்லோரையும் எழுதுங்கள்: மாமியார், மருத்துவச்சி, பாதிரியார், தபால்காரர், துணி வெளுப்பவர். துணி வெளுப்பவரை யாரும் நினைப்பதே இல்லை. எந்த வீட்டில் எந்த மாதம் யாருடைய துணியில் கறை இல்லை என்று ஊரில் முதலில் தெரிந்தவர் அவர்தான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் ஏன் உடைக்கவில்லை என்று எழுத வேண்டும். 'பயம்' என்ற சொல் மட்டும் கூடாது. பயந்தாள் என்றால் யார் எதைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்தாள்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் சட்டம்தான் பதில் தரும். இந்தியாவில் 1856ஆம் ஆண்டின் விதவை மறுமணச் சட்டத்தைப் பெண்ணுக்குக் கிடைத்த விடுதலை என்று மட்டும் நினைத்து எழுதுகிறவர்கள் அதன் இரண்டாவது பிரிவைப் படிப்பதில்லை. மறுமணம் செய்துகொள்ளும் விதவை, இறந்த கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழந்துவிடுவாள் என்கிறது அந்தப் பிரிவு. ஆக, சட்டம் அனுமதித்த திருமணத்தையே அவள் ரகசியமாக வைத்திருக்கக் காரணம் கிடைத்துவிட்டது. கொழுந்தன் வீட்டு வாசலில் காத்திருக்கிறான். ஒரு தாலி தெரிந்தால் நிலம் போய்விடும். நாவலுக்கு இதைவிட நல்ல பூட்டு வேண்டுமா?

இங்கிலாந்தில் கதை நடந்தால் 1839ஐ நினைவில் வையுங்கள். கணவனைப் பிரிந்த கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளர் தன் பிள்ளைகளுக்காகப் போராடியதன் விளைவாக அந்த ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அதன் பிறகே, ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தன்னிடம் விடும்படி தாய் நீதிமன்றத்தில் கேட்க முடிந்தது. கள்ள உறவு நிரூபிக்கப்பட்ட தாய்க்கு அதுவும் கிடையாது. அங்கே திருமணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரான்ஸில் மனைவி கணவனைக் கேட்காமல் வங்கிக் கணக்கு தொடங்கியது 1965க்குப் பிறகு. "ஏன் அவள் ஓடிப்போகவில்லை?" என்று வாசகர் கேட்கும்போது இந்த ஆண்டுகள்தான் பதில் சொல்லும். ஆனால் சட்டத்தை விளக்கும் பத்தி எழுதாதீர்கள். வக்கீல் பேனாவை மூடிவைத்துவிட்டு, "பிள்ளைகளை அழைத்துப் போக வண்டி வந்திருக்கிறதா?" என்று அவளிடம் கேட்கட்டும். போதும்.

அடுத்தது உடம்பு. நானே சறுக்கிய இடம் இது. 1890இல் நடக்கும் என் பழைய கைப்பிரதி ஒன்றில் நாயகிக்கு மூன்றே வாரத்தில் தான் கர்ப்பம் என்று தெரிந்துவிடுகிறது. எப்படித் தெரிந்தது? எனக்குத் தெரிந்ததால் அவளுக்கும் தெரிந்தது. பெண்ணின் சிறுநீரை எலிக்கு ஊசியில் ஏற்றிக் கர்ப்பத்தைக் கண்டறியும் சோதனையே 1920களின் இறுதியில் பெர்லினில்தான் வந்தது. வீட்டிலேயே செய்து பார்ப்பதெல்லாம் 1970களில். அதற்கு முன்பு நாள் தள்ளிப்போனது என்பதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம்: உடல் மெலிவு, காய்ச்சல், கவலை. நான்காம் ஐந்தாம் மாதத்தில் குழந்தை அசையும்போதுதான் உறுதி. அந்த நான்கு மாதத்தை நான் பாழடித்திருந்தேன். தெரியும், ஆனால் தெரியாது என்ற நிலையில் ஒருத்தி நடமாடும் நான்கு மாதம்! மற்றவர்களிடம் மறைப்பதற்கு முன் தன்னிடமே மறைக்கிறாள். திருத்தி எழுதியபோது நாவலில் எனக்குப் பிடித்த பகுதியே அதுவாகிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டுக் கதைக்கு இரத்த வகை ஒரு நல்ல திறவுகோல். பெற்றோர் இருவரும் ஓ வகை என்றால், மிக அரிய விலக்குகள் நீங்கலாக, பிள்ளை ஏ வகையாக இருக்க முடியாது. இரத்த வகைகள் 1901 முதல் தெரியும் என்றாலும், அவை தலைமுறைக்குத் தலைமுறை எப்படி இறங்குகின்றன என்ற கணக்கு 1920களில்தான் தெளிவானது. 1910இல் நடக்கும் கதையில் ஒரு மருத்துவர் இரத்தத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினால் நான் பென்சிலை எடுத்துவிடுவேன்.

பதிவேடுகள் விஷயத்தில் ஒரு முட்டாள்தனத்தை ஒப்புக்கொள்கிறேன். ஓர் ஆங்கிலக் கிராமத் தேவாலயப் பதிவேட்டின் நகலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1740 மே மாதம் ஒரு திருமணம். அதே தம்பதிக்கு 1740 பிப்ரவரியில் குழந்தை ஞானஸ்நானம். கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே குழந்தை! எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு மாலுமிக் காதலனைக் கொடுத்து, முப்பது பக்கம் மளமளவென்று எழுதிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25ஆம் தேதி பிறந்தது. மே மாதத்துக்குப் பின்னால் வரும் பிப்ரவரியும் 1740தான். நம் கணக்கில் அது 1741. திருமணமாகி ஒன்பது மாதத்தில், ஊரறிய, ஒழுங்காகப் பிறந்த குழந்தை. மாலுமியைக் கடலிலேயே விட்டுவிட்டேன்.

1752இல்தான் இங்கிலாந்து ஜனவரி முதல் தேதிக்கு மாறியது. அந்த ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதிக்கு மறுநாள் செப்டம்பர் 14. நடுவில் பதினொரு நாள் கிடையாது. ஸ்காட்லாந்தோ 1600ஆம் ஆண்டிலேயே ஜனவரிக்கு மாறிவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு காதலர்கள் கடிதம் எழுதிக்கொண்டால் பிப்ரவரியில் ஆளுக்கோர் ஆண்டு போடுவார்கள். முப்பது பக்கத்தைக் கிழித்த பிறகு தோன்றியது: என் தவறைப் பேத்திக்குக் கொடுத்தால் என்ன? அவளும் பதிவேட்டைப் பார்த்து, பாட்டியின் பாட்டியைப் பற்றித் தப்பாக நினைக்கட்டும். அந்த நினைப்பில் யாரையாவது புண்படுத்தட்டும். பொய் ரகசியம் ஒன்று கையில் இருந்தால் உண்மை ரகசியத்தை மறைத்து வைப்பது எளிது.

பேத்தியின் காலத்துக்கும் பூட்டுகள் உண்டு என்பதை மறக்கிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸின் 1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள் 2022 ஜனவரியில்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. 1998இல் வாழும் பேத்தி அவற்றைப் புரட்ட முடியாது. இங்கிலாந்தில் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளை, வளர்ந்த பிறகு தன் அசல் பிறப்புச் சான்றிதழைக் கேட்டுப் பெறும் உரிமையை 1975ஆம் ஆண்டுச் சட்டம்தான் கொடுத்தது. ஆகவே பேத்தி எந்த ஆண்டில் தேடத் தொடங்குகிறாள் என்பதைப் பாட்டியின் கதைக்குக் காட்டும் அதே கண்டிப்போடு முடிவுசெய்யுங்கள். பரணில் ஒரு டிரங்குப் பெட்டி, அதில் ரிப்பன் கட்டிய கடிதக் கட்டு, எல்லாம் தேதிவாரியாக! தயவுசெய்து வேண்டாம். ரகசியம் காப்பவர்கள் கடிதங்களை எரிப்பார்கள். எரிக்க மறந்தது எது, எரிக்க மனம் வராதது எது என்று தேடுங்கள்.

எரிக்க மனம் வராத பொருளுக்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு லண்டன் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல். பெயர்தான் ஹாஸ்பிடல், வளர்க்க வழியில்லாத தாய்மார்கள் குழந்தைகளை ஒப்படைத்த இல்லம் அது. 1741இல் முதல் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டது. குழந்தைக்கு அங்கே புதுப் பெயர் வைத்துவிடுவார்கள். பின்னால் தாய் திரும்பி வந்தால் அடையாளம் காண, ஒரு துண்டுத் துணியைச் சேர்க்கைத் தாளோடு குண்டூசியால் குத்தி வைத்தார்கள். 1767இல் சாரா பெண்டர் என்ற பெண் தன் மகன் சார்லஸை விட்டுச் சென்றபோது, ஒட்டுத்துணியில் சிவப்பு நூலால் ஓர் இதயத்தைத் தைத்து, அதைப் பாதியாக வெட்டிக் கொடுத்தாள். இல்லத்தில் அவன் பெஞ்சமின் ட்விர்ல் ஆனான். 1775இல் அவள் திரும்பி வந்து அவனை மீட்டுக்கொண்டாள். 1741 முதல் 1760 வரை அங்கே சேர்க்கப்பட்ட பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளில் மீட்கப்பட்டவர்கள் 152 பேர்தான் என்பதை அறிந்த பிறகு அந்தப் பாதி இதயத்தைப் பார்க்க வேண்டும். எட்டு ஆண்டுகள் பெஞ்சமினாக இருந்த பையனை வீட்டுக்குப் போகும் வழியில் அவள் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்? ஏடு இதைச் சொல்லாது. உங்கள் நாவலும் ஏடு வாய்மூடும் இப்படி ஓர் இடத்திலிருந்து தொடங்கலாம். ஏடு பேசும் இடத்தில் மட்டும் அதை மீறாதீர்கள்.

காதல் காட்சிகளுக்கு வீட்டின் வரைபடம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். யார் எந்த அறையில் படுக்கிறார்கள், எந்தக் கதவு கிறீச்சிடும், விளக்கு யார் கையில், தண்ணீர் எடுக்க எப்போது வெளியே போவாள். இருவருக்கும் தனிமை கிடைப்பதே அந்தக் காலத்தில் பெரும்பாடு. வரைபடம் போட்டால், அவர்களுக்கு ஒரு நாளில் கிடைப்பது கிணற்றடியில் ஒரு குடம் நிறையும் நேரம் என்று தெரியவரும். அந்த நேரத்துக்குள் எவ்வளவு பேச முடியுமோ அவ்வளவுதான் வசனம். கைப்பிரதிகளில் பாதி வசனம் இப்படியே உதிர்ந்துவிடும், நல்லதுக்கு.

மொழியைப் பற்றி ஒன்றிரண்டு. 1850இல் வாழும் பெண் "மன அழுத்தத்தில்" இருக்கக் கூடாது. நெஞ்சு பாரமாக இருக்கட்டும். கடிகாரம் இல்லாத வீட்டில் "ஐந்து நிமிடம் காத்திருந்தாள்" என்று வந்தால் உறுத்துகிறது. நாழிகை என்று எழுதினால் அது இருபத்து நான்கு நிமிடம் என்பது எழுதுகிறவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். "ஒரு நாழிகையில் கதவைத் திறந்தான்" என்று படித்தபோது கதவுக்கு என்ன ஆயிற்று என்று கவலைப்பட்டேன். அதற்காகப் பக்கம் முழுக்கப் பழஞ்சொல்லைக் கொட்டி வாசகரைத் திணறடிக்கவும் வேண்டாம்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எடின்பரோவில் சில ஆண்டுகள் படித்த ஓர் இளம் எழுத்தாளர் கொண்டுவந்த நாவல், 1835இல் அங்கே வேலைக்காரியாக இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. லண்டனுக்குப் போன காதலன் அவளுக்கு வாரம் ஒரு கடிதம் போடுகிறான், உறையில் இட்டு, தபால் தலை ஒட்டி. நான் ஓரத்தில் எழுதினேன்: "இதற்குக் காசு கொடுத்தது யார்?"

தொலைபேசியில் கூப்பிட்டார். "அக்கா, காதலன்தான் கொடுத்திருப்பான். இதில் என்ன சிக்கல்?"

உலகின் முதல் தபால் தலையே 1840 மே மாதம்தான் வந்தது. அதற்கு முன் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர் கொடுக்க வேண்டும், தாள் கணக்கில், தூரக் கணக்கில். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரே ஒரு தாள் என்றாலும் ஒரு ஷில்லிங்குக்கு மேல். உறை போட்டால் அதுவும் இன்னொரு தாள். ஆகையால் எழுதிய தாளையே மடித்து அரக்கு வைத்தார்கள். இடம் போதாவிட்டால், எழுதிய வரிகளின் மேலேயே தாளைத் திருப்பிக் குறுக்கே எழுதினார்கள். வேலைக்காரியால் வாரம் ஒரு ஷில்லிங் கொடுக்க முடியுமா? வாங்க மறுத்தால் தபால்காரர் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் போய்விடுவார். இவ்வளவையும் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

நான்கு மாதம் கழித்துத் திருத்திய பிரதி வந்தது. வாரக் கடிதங்கள் எல்லாம் போய்விட்டன. ஒரே ஒரு கடிதம். சமையலறைக் கதவருகே தபால்காரர் நிற்கிறார். அவள் மேல்முகவரியைப் பார்க்கிறாள், அவன் கையெழுத்து. கையில் காசு இல்லை. எஜமானியிடம் கேட்டால் யார் எழுதியது என்று கேட்பாள். அரக்கின் மேல் ஒருமுறை விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இது எனக்கு வந்ததில்லை" என்று திருப்பிக் கொடுக்கிறாள். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குக் கடைசி வரை தெரியாது. அந்த அத்தியாயத்தில் நான் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை.