ரோமில் தேவாலயங்களுக்குச் சரியான நேரம் கண்டுபிடித்த கதை

ரோமில் முதல் நாள் புதன்கிழமை. காலை பதினொரு மணிக்குப் புனித பேதுரு பேராலயத்துக்குப் போனோம். சதுக்கம் முழுக்க நாற்காலிகள், ஜனக்கடல். புதன் காலையில் அங்கே போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. சரி, நகருக்குள் போவோம் என்று சான் லூயிஜி தெய் ஃபிரான்செஸி என்ற தேவாலயத்துக்கு நடந்தால், மதிய இடைவேளைக்குக் கதவைச் சாத்தியிருந்தார்கள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அன்றிரவு திட்டத்தைத் தலைகீழாக மாற்றினேன். பேதுரு பேராலயம் காலை 7 மணிக்கே திறந்துவிடும், கட்டணமும் இல்லை. மறுநாள் ஆறே முக்காலுக்கெல்லாம் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றோம். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் மைக்கலாஞ்சலோவின் பியெத்தா, இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மரியாளின் சிற்பம். 1972-இல் ஒருவன் சுத்தியலால் அடித்த பிறகு கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் யார் தலையும் மறைக்காமல் பத்து நிமிடம் பார்க்க முடிந்தது.

மதியம் சின்ன ஆலயங்கள் மூடியிருக்கும் நேரத்துக்கு, நாள் முழுக்கத் திறந்திருக்கும் சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்தை வைத்துக்கொண்டேன். சான் லூயிஜிக்கு மாலையில் மறுபடி போனோம். ஓவியர் கரவாஜ்ஜோ புனித மத்தேயுவைப் பற்றி வரைந்த மூன்று ஓவியங்களும் அங்கே ஒரே சிற்றாலயத்தில் இருக்கின்றன. அப்புறம், பையில் ஒரு சால்வை போட்டுக்கொள்ளுங்கள். தோள் தெரிந்தால் பேதுரு பேராலயத்தில் விடமாட்டார்கள்.