எல்லைக்கு மேற்கே: கேரள வில்லேஜ் ஆபீஸில் தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பம் திரும்பாமல் இருக்க

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, மறையூர், மூணாறு, வண்டிப்பெரியாறு. இந்தப் பக்கங்களில் தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பம் திரும்பி வந்தால் பெரும்பாலும் தகுதிக் குறைவு காரணமாக இருக்காது. ஒரே ஆளின் பெயர் மூன்று காகிதத்தில் மூன்று மாதிரி இருக்கும். அதைச் சரிசெய்யாமல் அக்ஷயா சென்டருக்கு (கேரள அரசின் இணையச் சேவை மையம்) போனால் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போய்விடும்.

முதலில் வீட்டிலேயே ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பள்ளிச் சான்றிதழ் நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். நம் வழக்கில் அப்பாவின் பெயருக்கான இனிஷியல் முன்னால் வரும்: க. முருகன். கேரளத்தில் இனிஷியல் பின்னால் போகும். அதில் வீட்டுப்பெயரின் எழுத்தும் சேர்ந்திருக்கும். அதனால் ரேஷன் கார்டில் ‘முருகன் கே’ என்று ஏறும். ஆதாரில் இனிஷியலை விரித்து ‘முருகன் கருப்பசாமி’ என்று போட்டிருப்பார்கள். கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர்.

பள்ளிப் படிப்பு முடித்தவர்கள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உள்ள பெயரையே அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கேற்ப மாற்றுவது நல்லது. அந்தப் புத்தகத்தைத் திருத்த வேண்டுமானால் கேரள அரசுத் தேர்வு அலுவலகமான பரீட்சை பவன் வரை போக வேண்டும். ஆதாரைத் திருத்துவது அதைவிட எளிது. மாற்றுவதற்கு நேரம் இல்லை, கடைசித் தேதி நெருங்கிவிட்டது என்றால் வில்லேஜ் ஆபீஸில் ‘ஒன் அண்ட் தி சேம்’ சான்றிதழ் வாங்கலாம். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று அதில் எழுதித் தருவார்கள். பெயர் வேறுபடும் இரண்டு காகிதங்களையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஆனால் அது ஒட்டுப்போட்ட துணி மாதிரி. அடுத்த காரியத்துக்குப் போகும்போது பழைய கிழிசல் மறுபடியும் தெரியும்.

அடுத்த தகராறு வீட்டுப்பெயர். கேரளப் படிவம் எதிலும் இந்தக் கட்டம் இருக்கும். நமக்கு வீட்டுப்பெயர் கிடையாது என்று ஒருமுறை ஊர்ப்பெயர், இன்னொரு முறை தாத்தா பெயர் என்று எழுதிவைத்தால் பிறகு அதுவே வம்பாகிவிடும். ஒன்றை முடிவு செய்து எல்லாக் காகிதத்திலும் அதையே எழுதுங்கள். எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்கள் டிவிஷன் பெயரும் லய எண்ணும் எழுதலாம். அதற்குக் கீழே பஞ்சாயத்து கொடுத்த வார்டு எண், வீட்டு எண் (7/214 போல), தபால் நிலையம், வில்லேஜ், தாலுகா வர வேண்டும். வார்டு எல்லையை மாற்றி அமைத்தால் வீட்டு எண்ணும் மாறிவிடும். கடைசியாகக் கட்டிய கட்டட வரி ரசீதில் உள்ள எண்ணையே போடுங்கள்.

வரி என்றதும் ஒன்று. இங்கே ‘கரம்’ இரண்டு வகை. நிலத்துக்கான கரம் வில்லேஜ் ஆபீஸில், கட்டடத்துக்கானது பஞ்சாயத்தில். நிலம் உங்கள் கைவசம் இருக்கிறது என்று காட்டும் கைவசச் சான்றிதழுக்கு நிலக்கரம் கட்டிய நடப்பு ஆண்டு ரசீது கேட்பார்கள். கட்டட ரசீதை நீட்டிவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் அநேகம்.

படிவத்தில் நம் காதை ஏமாற்றும் சொற்களும் உண்டு. ‘தாமஸம்’ என்பது பெரும்பாலும் குடியிருப்பைக் குறிக்கும், தாமதத்தை அல்ல. ‘ஸாக்ஷ்யபத்ரம்’ என்றால் சான்றிதழ். சாட்சியைத் தேடி ஓட வேண்டாம். ‘ஒப்பு’ கையெழுத்து. ‘அவகாசி’ வாரிசு, அவகாசம் கேட்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ‘பட்டயம்’ நம் பட்டாதான்.

எந்தச் சான்றிதழ் யாரிடம்? வருமானம், பிற்பட்ட வகுப்புச் சாதிச் சான்று, மாநிலத் தேவைக்கான கிரீமி லேயர் (பிற்பட்ட வகுப்பில் வசதி மிகுந்தோர்) அல்லாதோர் சான்று எல்லாம் வில்லேஜ் ஆபீசர் தருவது. பட்டியல் சாதி, பழங்குடிச் சான்றும் மத்திய அரசு வேலைக்கான கிரீமி லேயர் அல்லாதோர் சான்றும் தாசில்தாரிடமிருந்து வர வேண்டும். விண்ணப்பத்தை அக்ஷயாவில் இ-டிஸ்ட்ரிக்ட் என்ற அரசு இணையதளம் வழியே ஏற்றலாம், சொந்தமாக இணையத்திலும் போடலாம். ஏற்றியதும் வரும் விண்ணப்ப எண்ணை எழுதி வாங்காமல் எழுந்து வராதீர்கள். மொபைல் எண் கேட்டால் உங்களுடையதைக் கொடுங்கள். சென்டர்காரர் எண்ணைக் கொடுத்தால் ‘கூடுதல் ஆவணம் தேவை’ என்ற செய்தி அவர் போனிலேயே கிடக்கும். வாரிசுச் சான்றுக்கு மட்டும் அவசரப்பட்டுப் பயனில்லை. அரசிதழில் அறிவித்து, ஆட்சேபம் சொல்ல 30 நாள் விட்டு, பிறகுதான் தாசில்தார் கையெழுத்திடுவார். வங்கிப் பணம், பிஎஃப் எதற்காவது வேண்டுமென்றால் இறப்புப் பதிவு முடிந்த கையோடு விண்ணப்பியுங்கள்.

தேயிலை, ஏலக்காய்த் தோட்டக் குடும்பங்களுக்குப் பெரிய சிக்கல் பட்டியல் சாதிச் சான்று. ஒரே சாதி இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருக்கலாம். ஆனால் உரிமை மாநிலத்துக்கு மாநிலம் தனி என்று 1990இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கணக்கு வைக்கும் நாள் 10 ஆகஸ்ட் 1950. அன்றைக்கு உங்கள் தாத்தா, பாட்டி கேரள எல்லைக்குள் குடியிருந்தார்கள் என்று காட்ட முடிந்தால் கேரளச் சான்று கேட்கலாம். ரேஷன் கார்டு அதற்குப் போதாது. எஸ்டேட் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய பிறப்பு, இறப்புப் பதிவு, தோட்டத்தின் வேலைப் பதிவேடு, ஆலய ஞானஸ்நானப் பதிவு ஆகியவற்றைத் தேடுங்கள். தோட்டம் கைமாறும்போது பழைய பதிவேடுகள் காணாமல் போகும். பிள்ளை கல்லூரிக்குப் போகும் வருஷம் வரை காத்திருக்காமல் இப்போதே நகல் எடுத்து வையுங்கள். 1950க்குப் பின் வந்த குடும்பமானால், அப்பாவுக்குத் தமிழ்நாட்டில் கொடுத்த சான்றைக் காட்டி இங்கேயே குடிபெயர்ந்தோருக்கான சான்று வாங்கலாம். அது மத்திய அரசுச் சலுகைக்குச் செல்லும். கேரள அரசின் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. இதைத் தெரியாமல் விண்ணப்பித்து, சேர்க்கைக்குப் பிறகு இடம் ரத்தானால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

ரேஷன் விஷயம். பொள்ளாச்சி, போடி பக்கத்திலிருந்து மருமகள் வந்தால் முதலில் அந்தப் பக்கத்துக் கார்டில் பெயர் நீக்க வேண்டும். அது முடியாமல் இங்கே தாலுகா சப்ளை ஆபீஸில் சேர்க்கப் போனால், ஒரே ஆதார் இரண்டு கார்டில் இருக்கிறது என்று நிற்கும். வேலைக்காக மட்டும் வந்திருப்பவர் கார்டை மாற்றத் தேவையில்லை. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ முறையில் இங்குள்ள கடையில் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். ஆனால் தமிழ்நாட்டுக் கார்டில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது பி.எச்.எச்-ஏ.ஏ.ஒய். (மிக ஏழைக் குடும்பம்) என்று அச்சாகியிருக்க வேண்டும். முன்னுரிமை இல்லாத என்.பி.எச்.எச். கார்டுக்கு எல்லை தாண்டினால் ஒன்றும் இல்லை. கேரளக் கார்டில் இதே உரிமை மஞ்சள், பிங்க் இரண்டுக்கு மட்டும். நீலம், வெள்ளைக்கு இல்லை. துவரம்பருப்பு, பாமாயில் போலத் தமிழ்நாடு தனியாகத் தருவதை இங்கே கேட்காதீர்கள். கடைக்காரர் மறுத்தால் 14445 என்ற உதவி எண்ணை அழையுங்கள். கொழுந்து பறித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது. ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துவிட்டு, கடைக்குப் போகும்போது வேறு விரலையும் வைத்துப் பாருங்கள்.

மலையாளம் எழுதத் தெரியாது என்று மனு கொடுக்காமல் இருக்க வேண்டாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ் பேசுவோர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்கிறது. குறைதீர்க்கும் மனுவுக்கு அரசியலமைப்பின் 350ஆம் பிரிவும் துணை நிற்கிறது. மனுவின் தலைப்பிலேயே அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு, இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லையேல் மனுவே இல்லை. காரியம் சீக்கிரம் நடக்க வேண்டுமானால், ஐந்தாறு வரி மலையாளச் சுருக்கம் ஒன்றையும் இணைத்துக் கொடுப்பது எங்கள் யோசனை. கோப்பில் குறிப்பு எழுதுகிறவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். உரிமை வேறு, வேகம் வேறு. குறித்த நாளுக்குள் சான்றிதழ் வரவில்லை என்றால் கேரளச் சேவை உரிமைச் சட்டப்படி மேல்முறையீடு செய்யலாம். யாரிடம் என்பதை அலுவலகப் பலகையில் பாருங்கள்.

ஆம்புலன்ஸுக்கு 108, உடல்நலச் சந்தேகத்துக்குக் கேரளத்தில் 1056. எல்லையோரத்தில் போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடித்திருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போய்விடலாம். அதனால் நோய் என்ன என்பதற்கு முன்னால் மாநிலம், மாவட்டம், பஞ்சாயத்து மூன்றையும் சொல்லிவிடுங்கள்.