ஜப்பானிய உள்ளாட்சியின் அயல்நாட்டு ஆய்வுப் பயணம்: திட்டமிடும் முறை

ஜப்பானில் நகர அவை உறுப்பினர்களோ அலுவலர்களோ ஆய்வுக்கென்று வெளிநாடு சென்று வந்தால், வரிப்பணத்தில் சுற்றுலாவா என்ற கேள்வி உள்ளூரில் எழுவதுண்டு. அதற்கான விடையைப் பயணச்சீட்டு வாங்கும் முன்பே ஆயத்தம் செய்துகொள்வது நல்லது. எந்த ஊருக்குப் போவது என்று தொடங்காமல், நம் ஊரில் எந்தச் சிக்கல் தீராமல் நிற்கிறது என்று தொடங்கி, அதை ஒரே வரியில் கேள்வியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

டிராம் வண்டியையே எடுத்துக்கொள்வோம். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் 1994-இல் திறக்கப்பட்ட டிராமைப் பார்க்க ஜப்பானியக் குழுக்கள் பல சென்றிருக்கின்றன. தாழ்தளப் பெட்டிகளும் புல் விரித்த தடமும் படத்தில் அழகாக விழும். ஆனால் முதலில் கேட்க வேண்டியது பணம் எங்கிருந்து வருகிறது என்பதே. பிரான்சில் நிறுவனங்கள் தாம் வழங்கும் ஊதியத்தின் அடிப்படையில் நகரப் போக்குவரத்துக்கென ஒரு வரி செலுத்துகின்றன. ஜப்பானில் அத்தகைய வரி இல்லை. ரயில் நிறுவனம் கட்டண வருவாயிலேயே காலம் தள்ள வேண்டும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. தொயாமா நகரம் 2006-இல், பயணிகள் குறைந்துவந்த ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) கிளைப் பாதை ஒன்றை இலகு ரயிலாக மாற்றியது. 2009-இல் நகர்மையச் சுற்றுப்பாதையைத் திறந்தபோது, தடமும் வண்டிகளும் நகராட்சிக்குச் சொந்தம், ஓட்டுவது தனியார் நிறுவனம் என்று பொறுப்பைப் பிரித்துக்கொண்டது. இதற்கு 2007-இல் வந்த தேசியச் சட்டம் இடம் கொடுத்தது. ஆகவே நிதிப் பிரிவையும் சட்டப் பிரிவையும் சேர்ந்த ஒருவரேனும் குழுவில் இருக்க வேண்டும். பொறியாளர்கள் மட்டும் போனால் வண்டியைப் பற்றிய குறிப்புகளே மிஞ்சும்.

பார்த்ததை அப்படியே பெயர்த்துக்கொண்டு வரவும் கூடாது. ஹங்கேரியில் வருமான வரி செலுத்துவோர் அதில் 1 சதவீதத்தைத் தாம் விரும்பும் தொண்டு அமைப்புக்கு ஒதுக்கச் சொல்லலாம். சிபா மாகாணத்தின் இச்சிகாவா நகரம் 2005-இல் இதை முன்மாதிரியாகக் கொண்டது. ஆனால் வருமான வரி நடுவண் அரசுடையது என்பதால், நகரம் தன் கையில் உள்ள குடியிருப்பாளர் வரியை வைத்துத் திட்டத்தை வகுத்தது. எந்தப் பகுதியை மாற்ற வேண்டியிருக்கும் என்று பயணத்தின்போதே நாள்தோறும் மாலையில் குழு பேசிக்கொள்வது, ஊர் திரும்பியபின் மூன்று கூட்டங்கள் நடத்துவதைவிடப் பயன் தரும்.

சந்திப்புகளுக்கு, ஜப்பானிய உள்ளாட்சிகளின் பன்னாட்டுத் தொடர்புகளுக்கென 1988-இல் அவற்றின் கூட்டமைப்பாக நிறுவப்பட்ட கிளேர் (CLAIR) அமைப்பை அணுகலாம். நியூயார்க், லண்டன், பாரிஸ், சிங்கப்பூர் முதலிய இடங்களில் உள்ள அதன் அலுவலகங்களில் உள்ளாட்சிகளே அனுப்பிய அலுவலர்கள் பணிபுரிவதால், உங்கள் கேள்வியின் உட்பொருளை விளக்க வேண்டிய பாடு குறையும். வெளிநாட்டு இளைஞர்களை ஜப்பானியப் பள்ளிகளிலும் உள்ளாட்சிகளிலும் பணியமர்த்தும், 1987-இல் தொடங்கிய ஜெட் (JET) திட்டத்தின்கீழ் வந்த பன்னாட்டு உறவு ஒருங்கிணைப்பாளர் உங்கள் அலுவலகத்தில் இருந்தால், வினாப்பட்டியலை அவரிடம் கொடுத்து முன்கூட்டியே மொழிபெயர்த்து அனுப்புங்கள். சகோதர நகரம் இருந்தால் இன்னும் எளிது: நாகசாகியும் அமெரிக்காவின் செயின்ட் பாலும் 1955 முதல் இவ்வாறு உறவு பேணுகின்றன. அங்கே போகும்போது மேயரின் வரவேற்போடு நின்றுவிடாமல், திட்டத்தை எதிர்த்த கடைக்காரர் ஒருவரையும் சந்திக்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

ஜப்பானிய அலுவலர்கள் சில ஆண்டுகளுக்கொருமுறை, பெரும்பாலும் ஏப்ரலில், வேறு பிரிவுக்கு மாற்றப்படுவார்கள். எனவே பிப்ரவரியில் பயணம் வைப்பது வீண். இலையுதிர் காலத்திலேயே போய்வந்தால், அடுத்த ஆண்டின் வரவுசெலவுக் கோரிக்கையில் அதைச் சேர்க்க நேரம் இருக்கும். பயணக் குறிப்புகளையும் அங்குள்ள தொடர்பாளர்களின் விவரங்களையும் அடுத்து வருபவரிடம் நேரில் ஒப்படைக்கவும் முடியும்.