"ஏன் நடந்தது?" என்று கேட்பது எப்படி

தொழிற்சாலைகளில் விபத்து நடந்தால் அங்கே போய், என்ன நடந்தது என்று விசாரித்து அறிக்கை எழுதுவது என் வேலை. சங்கிலி ஏன் அறுந்தது, பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். அடிபட்டவரின் வீட்டார் கேட்கும் "ஏன்" அப்படிப்பட்டதல்ல. "இவனுக்கு ஏன்? அன்றைக்குப் பார்த்து ஏன்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை யாரும் ஒதுக்கித் தள்ளக்கூடாது என்று நினைக்கிறேன். விதியா, நம் முடிவா, வெறும் தற்செயலா என்று மனிதர்கள் காலங்காலமாக யோசிப்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

விசாரணையில் பழகிய முறையை இந்தக் கேள்விக்கும் கொண்டுவரலாம். வேலை போனது, உறவு முறிந்தது, நோய் வந்தது, எதற்கும் பொருந்தும். ஒரு தாள், ஒரு பேனா, தொந்தரவில்லாத கொஞ்ச நேரம் போதும். நடந்து சில நாட்களே ஆகியிருந்தால் மட்டும் இப்போது வேண்டாம். அந்த நாட்களில் தூக்கமும் துணையும்தான் முதலில் தேவை.

நடந்ததை நேர வரிசையில் எழுதுங்கள். "அதனால்", "கவனக்குறைவாக", "தலையெழுத்து" போன்ற சொற்கள் இந்தத் தாளில் வரக்கூடாது. "அலட்சியமாக இருந்தேன்" என்பதற்குப் பதில், "வலி வந்தது, மூன்று வாரம் கழித்து மருத்துவரிடம் போனேன்" என்று எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்று குறியுங்கள்.

இந்தப் பக்கத்துக் குறிப்பு மிக முக்கியம். 1975-இல் பாருக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர், பிரிட்டிஷாருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த பழைய சண்டையைப் பற்றிய விவரங்களைப் பலரிடம் கொடுத்து, அது எப்படி முடியக்கூடியதாக இருந்தது என்று மதிப்பிடச் சொன்னார். ஒவ்வொரு குழுவிடமும் வேறு வேறு முடிவை "இதுதான் நடந்தது" என்று சொல்லியிருந்தார். சொல்லப்பட்ட முடிவு எதுவோ, அதற்கே வாய்ப்பு அதிகம் இருந்ததாக அந்தந்தக் குழு நினைத்தது. அந்தத் தகவல் தங்கள் மதிப்பீட்டை இழுத்தது அவர்களுக்குத் தெரியவே இல்லை. "முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்" என்று நம்மை நாமே வதைப்பதும், "இது நடக்கத்தான் இருந்தது" என்று விதியைச் சொல்வதும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. இரண்டுக்கும் மருந்து அந்தக் குறிப்பு.

அப்புறம், உங்கள் "ஏன்" எந்த "ஏன்" என்று பாருங்கள். எப்படி நிகழ்ந்தது என்று கேட்கிறீர்களா, யார் பொறுப்பு என்று கேட்கிறீர்களா, எனக்கு ஏன், அப்போது ஏன் என்று கேட்கிறீர்களா? மூன்றையும் தனித்தனியாக எழுதி, மனம் எதில் சிக்கியிருக்கிறது என்று அடிக்கோடிடுங்கள். ஒன்றைக் கேட்பவருக்கு இன்னொன்றின் பதிலைக் கொடுப்பதுதான் ஆறுதல் சொல்பவர்கள் பெரும்பாலும் செய்வது. நோய் வந்து "எனக்கு ஏன்" என்று அழுபவரிடம் செல்கள் எப்படிப் பிரிகின்றன என்று விளக்கினால் அது அவர் காதில் ஏறாது.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் என்ற சரக்கு தூக்கும் வண்டி பின்னோக்கி வந்தபோது ஒரு இளைஞனின் கால் நசுங்கியது. அன்று அது அவனுடைய ஷிப்ட்டே இல்லை. நண்பனுக்காக மாற்றிக்கொண்டிருந்தான். அவன் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவன் ஏன் தம்பி அன்னைக்குப் போய் ஷிப்ட் மாத்திக்கிட்டான்?"

இப்படிப்பட்ட கேள்விக்கு ஒரு சோதனை உண்டு. நீங்கள் சந்தேகப்படும் காரணத்தை எடுத்துக்கொண்டு, அது இருந்தும் எத்தனை முறை ஒன்றுமே நடக்கவில்லை என்று எண்ணுங்கள். ஷிப்ட் மாற்றிக்கொள்வது அங்கே வாரந்தோறும் நடந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அடுத்து, அந்தக் காரணம் இல்லாவிட்டாலும் ஆபத்து இருந்திருக்குமா என்று பாருங்கள். அந்த வண்டியின் ரிவர்ஸ் ஹாரன் வேலை செய்யவில்லை, நடப்பவர்களுக்கும் வண்டிக்கும் தனித்தனி பாதை இல்லை. இந்த இரண்டும் அப்படியே இருந்தால், யார் எந்த ஷிப்ட்டில் வந்தாலும் ஆபத்து இருந்துகொண்டே இருக்கும். ஷிப்ட் மாற்றம் அவனை அந்த இடத்தில் நிறுத்தியது. அவன் காலை நசுக்கியது மற்ற இரண்டும்தான். இதை நான் அந்த அம்மாவிடம் மட்டுமல்ல, ஷிப்ட் மாற்றச் சொன்ன நண்பனிடமும் சொன்னேன். அவனுக்குத்தான் இது அதிகம் தேவைப்பட்டது.

நம் மனம் ஏன் ஷிப்ட் மாற்றத்தையே பிடித்துக்கொள்கிறது? டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1982-இல் எழுதிய ஆய்வில் ஒரு சாலை விபத்துக் கதை வருகிறது. ஒரு வடிவத்தில் இறந்தவர் அன்று வழக்கமில்லாத பாதையில் போகிறார். இன்னொன்றில் பாதை வழக்கமானது, ஆனால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்புகிறார். முதல் கதையைப் படித்தவர்கள் "வழக்கமான பாதையில் போயிருந்தால்" என்றும், இரண்டாவதைப் படித்தவர்கள் "வழக்கமான நேரத்துக்குக் கிளம்பியிருந்தால்" என்றும் நினைத்தார்கள். வழக்கத்துக்கு மாறானது எதுவோ அதையே மனம் காரணமாக நிறுத்துகிறது. தினமும் இருக்கும் ஆபத்து கண்ணில் படுவதில்லை. எனவே "மட்டும் அப்படி நடக்காமல் இருந்திருந்தால்" என்று தொடங்கும் உங்கள் வரிகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றையும் மேலே சொன்ன சோதனையில் வையுங்கள்.

அதற்குப் பிறகும் ஒரு மிச்சம் இருக்கும். எவன்ஸ்-பிரிட்சார்டு என்ற மானுடவியலாளர் நடு ஆப்பிரிக்காவின் அஸாண்டே மக்களைப் பற்றி 1937-இல் எழுதியது இதை நன்றாகக் காட்டுகிறது. அங்கே தானியக் குதிர்களின் நிழலில் மக்கள் உட்காருவார்கள். சில நேரம் குதிர் இடிந்து மேலே விழும். கரையான் தூண்களை அரித்தது அவர்களுக்குத் தெரியும். வெயிலுக்காக ஆட்கள் கீழே உட்கார்ந்ததும் தெரியும். அந்தக் குறிப்பிட்ட ஆட்கள் உட்கார்ந்திருந்த அதே கணத்தில் ஏன் விழுந்தது என்பதுதான் அவர்களுடைய கேள்வி, அதற்குத்தான் சூனியம் என்றார்கள். அறியாமையால் எழுந்த கேள்வி இல்லை இது. இரண்டு காரணச் சங்கிலிகள் சந்தித்த புள்ளியைப் பற்றிய கேள்வி. நாம் அந்த இடத்தில் தற்செயல் என்போம், விதி என்போம், கடவுளின் சித்தம் என்போம்.

என் பணியில் கிடைக்கும் எந்தச் சான்றும் அந்தப் புள்ளியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாது. இயற்கையிலேயே "இப்போது ஏன்" என்பதற்குப் பதில் இல்லாத இடங்கள் உண்டு. கார்பன்-14 அணுக்களில் பாதி சுமார் 5,730 ஆண்டுகளில் சிதைந்துவிடும் என்று சொல்ல முடிகிறது. எந்த அணு எந்தக் கணத்தில் சிதையும் என்று சொல்ல எந்தச் சூத்திரமும் இல்லை. ஆகவே தாளில் அந்தச் சந்திப்புப் புள்ளியை ஒரு வட்டமாக வரைந்து, உங்கள் நம்பிக்கை எதுவோ அதை உள்ளே எழுதுங்கள். காலியாக விட்டாலும் சரிதான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்த வட்டத்துக்குள் அடிபட்டவரின் குணத்தை எழுதாதீர்கள். 1966-இல் மெல்வின் லெர்னர், கரோலின் சிம்மன்ஸ் என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், ஒரு பெண் மின்னதிர்ச்சி வாங்குவதைப் போன்ற காட்சியைப் பார்த்தவர்கள், அவள் வேதனை தொடரப்போகிறது, தங்களால் தடுக்க முடியாது என்ற நிலையில் அவளையே மட்டமாக மதிப்பிட்டார்கள். உலகம் நியாயமானது என்று நம்ப வேண்டியிருப்பதால், வேதனைப்படுபவர் மேல் குற்றம் ஏற்றுகிறோம். "போன ஜென்மத்து வினை" என்று ஒரு நோயாளியின் காதுபட யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது.

இனி விதியைப் பற்றி. எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டது என்று நம்புபவராக இருந்தாலும் கீழே வருவது உங்களுக்கும்தான். "குணமாக வேண்டும் என்று விதி இருந்தால் மருத்துவரைப் பார்க்காவிட்டாலும் குணமாகும்" என்ற வாதம் பழைய கிரேக்கர்களிடமே இருந்தது. விதியை முழுதாக நம்பிய கிரேக்கத் தத்துவஞானி கிரிசிப்பஸ், கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே அதற்குப் பதில் சொன்னார்: குணமாவது விதி என்றால், மருத்துவரை அழைப்பதும் அந்த விதியோடு சேர்ந்தே விதிக்கப்பட்டது. தீர்மானிக்கப்பட்டது என்பதால் நமக்கு முன்கூட்டியே தெரியும் என்றும் ஆகாது. 1961-இல் எட்வர்ட் லொரன்ஸ் என்ற வானிலை ஆய்வாளர் தன் கணினி வானிலை மாதிரியில் 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று கொடுத்தார். மாதிரியின் சமன்பாடுகள் கொஞ்சமும் மாறவில்லை. ஆனாலும் மாதிரியின் கணக்கில் இரண்டு மாதம் ஆவதற்குள் வானிலை முற்றிலும் வேறாகிவிட்டது.

வள்ளுவர் ஊழ் என்ற 38-ஆம் அதிகாரத்தை, ஊழைவிட வலியது எது என்று கேட்டு முடிக்கிறார். 62-ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறளிலோ, சோர்வில்லாமல் முயல்பவர் ஊழையும் தோற்கடிப்பார் என்கிறார். முரண் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடிந்துபோனதைப் பார்க்கும் கண்ணுக்கு முதலாவது, இனிச் செய்ய வேண்டியதைப் பார்க்கும் கண்ணுக்கு இரண்டாவது.

அதனால் அடுத்த வேலை, தாளில் உண்மையாகவே தேர்வு இருந்த இடங்களுக்கு மட்டும் நட்சத்திரம் போடுவது. ஒரு நிமிடம் நின்று யோசிக்க நேரம் இருந்ததா, வேறு வழி கண்ணுக்குத் தெரிந்ததா, அந்த வழியில் போக உங்களிடம் வசதி இருந்ததா? மூன்றும் இருந்தால்தான் நட்சத்திரம். பிறருடைய வரிகளுக்கும் இதே அளவுகோல்தான். "மூளைதான் முடிவெடுக்கிறது, நாம் இல்லை" என்று யாராவது பெஞ்சமின் லிபெட் என்ற மூளை ஆய்வாளரின் 1983 சோதனையைக் காட்டினால் கலங்க வேண்டாம். விரலை அசைக்கும் எண்ணம் தோன்றும் முன்பே மூளையில் மின் செயல்பாடு தெரிந்தது உண்மை. ஆனால் அந்தச் செயல்பாடு முடிவின் அடையாளமாகவே இருக்க வேண்டியதில்லை, மூளையின் இயல்பான ஏற்ற இறக்கமாக இருக்கலாம் என்று 2012-இல் ஷர்கர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் காட்டினார்கள். எப்படியானாலும், வாரக்கணக்கில் யோசித்து எடுக்கும் முடிவுகளை அந்தச் சோதனை தொடவே இல்லை.

கடைசியாக, "எப்படி நிகழ்ந்தது" என்ற பகுதியிலிருந்து சரிசெய்யக்கூடிய ஒன்றை எடுங்கள். ஒன்றே போதும். யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். ஹாரனைச் சரிசெய்வது, பரிசோதனைக்குத் தேதி வாங்குவது, ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பது, எதுவாகவும் இருக்கலாம். நட்சத்திரமே இல்லாத தாள்களும் உண்டு. அப்படியானால் "அன்று எனக்குத் தேர்வு இருக்கவில்லை" என்று எழுதி, கீழே தேதி போடுங்கள். அதே கேள்வி வாரக்கணக்கில் தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால், இந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு மனநல மருத்துவரிடம் போங்கள். எங்கிருந்து பேசத் தொடங்குவது என்ற சிரமம் இருக்காது.